சொந்த சர்வர் நடத்துபவரின் பொறுப்புகள்: தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

மாதம் சில நூறு ரூபாய் செலுத்தினால் விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் சர்வர் ஒன்று இன்று எவருக்கும் கிடைத்துவிடுகிறது. பணம் கட்டிய சில நிமிடங்களில் இணையத்தில் சர்வரின் எண் முகவரியான ஐபி முகவரியும், ‘ரூட்’ என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலில் வந்து சேர்கின்றன. ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டே உபுண்டு என்ற இயங்குதளத்தில், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவி, மாலைக்குள் தளத்தை ஓடவிட்டுவிடலாம். ஊர்ச் சங்கங்களும் சிற்றிதழ்களும் முன்னாள் மாணவர் அமைப்புகளும் சிறு கடைகளும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் சொந்த சர்வருக்கு வருகின்றன. அந்த முயற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால், நிறுவுவதைச் சொல்லித்தரும் காணொளிகள், நிறுவிய மறுநாள் தொடங்கி சர்வர் அணைக்கப்படும் நாள்வரை அதை நடத்துபவர் செய்ய வேண்டியவற்றை அரிதாகவே சொல்கின்றன. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது. கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை; சொன்னதைப் பொறுமையாகச் செய்யவும், செய்தது பலித்ததா என்று சரிபார்க்கவும், மாதந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கவும் மனம் இருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க இயலாதவர் சர்வர் வாங்காமல் இருப்பதே நல்லது.

சர்வர் தேவைதானா?

விபிஎஸ் விற்கும் நிறுவனம் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வது கட்டடம், மின்சாரம், இணைய இணைப்பு, வன்பொருள் ஆகியவற்றை மட்டுமே. இயங்குதளம், அதில் நிறுவிய மென்பொருள்கள், பயனர் கணக்குகள், கோப்புகள், காப்பு நகல்கள் ஆகிய அனைத்தும் உங்கள் பொறுப்பு. குடியிருப்பின் வாயிலில் காவலர் இருந்தாலும் நம் வீட்டுக் கதவை நாம்தான் பூட்ட வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது. ‘அன்மேனேஜ்டு’ என்று விலைப் பட்டியலில் போட்டிருந்தால் அதன் பொருள் இதுதான். சிக்கல் வந்தபின் உதவி மையத்தை அழைத்துக் கோபப்படுவதில் பயனில்லை.

ஆகவே முதல் பாதுகாப்பு முடிவை வாங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரேயொரு வேர்ட்பிரஸ் தளம் மட்டும் வேண்டுமென்றால், இயங்குதளத்தையும் அப்டேட்டுகளையும் தாங்களே கவனித்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட ஹோஸ்டிங் சேவையை வாங்குங்கள். சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் இந்த வழிகாட்டியின் பாதிச் சுமை குறைந்துவிடும். மாறாத பக்கங்கள் மட்டும் கொண்ட தளமென்றால் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவசச் சேவையே போதும். அங்கு உடைத்துப் புகுவதற்கு உங்களுடைய டேட்டாபேஸ் எதுவும் இருக்காது. மின்னஞ்சல் சர்வரை மட்டும் தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவர் ஒருபோதும் சொந்தமாக நடத்த வேண்டாம். ஸ்பேம் தடுப்பும், அனுப்பிய மடல் எதிர்முனையில் நிராகரிக்கப்படாமல் சேர்வதும் முழுநேர நிர்வாகிகளுக்கே தலைவலி தரும் வேலைகள்.

‘எங்கள் சிறிய தளத்தை யார் தாக்கப் போகிறார்கள்?’

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதில் தவறும் இல்லை. பெரும்பாலான தாக்குதல்கள் யாரையும் குறிவைத்து வருவன அல்ல. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘இசட்மேப்’ என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து இணையத்தின் ஐபிவி4 வகை ஐபி முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் துழாவ முடியும் என்று காட்டியது. உங்கள் சங்கத்தின் பெயர் தெரியாத ஒரு நிரல் உங்கள் ஐபி முகவரியையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

இதை நீங்களே கண்ணால் காணலாம். புதிய சர்வரை இயக்கிச் சில மணி நேரம் கழித்து, உபுண்டுவில் ‘ஆத் டாட் லாக்’ என்ற பெயரில் இருக்கும் உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் என ஒவ்வொரு பயனர்பெயராக மாற்றி மாற்றி, உங்களுக்குத் தொடர்பே இல்லாத முகவரிகளிலிருந்து யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருப்பது வரிவரியாகப் பதிவாகியிருக்கும். தளத்தின் முகவரியை நீங்கள் இன்னும் ஒருவரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த வரிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை எல்லா சர்வரிலும் இருப்பவை. அவற்றில் ஒன்றுகூட ‘ஏற்கப்பட்டது’ என்று முடியாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

பாதிப்பு உங்களோடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதைப் பொறுப்பு என்று அழைக்கிறேன். கைப்பற்றப்பட்ட சர்வரில் வங்கியின் பக்கம் போன்ற போலிப் பக்கத்தை ஏற்றி முன்பின் தெரியாதவர்களின் பணத்தைப் பறிக்கலாம். லட்சக்கணக்கில் ஸ்பேம் அனுப்பலாம். வேறொரு நிறுவனத்தை முடக்கும் தாக்குதலில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2016 அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டின் என்ற நிறுவனம் முடங்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் அமெரிக்காவில் பலருக்கும் திறக்காமல் போனதன் பின்னணியில் இருந்தவை, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களும் ரவுட்டர்களும்தான். ‘மிராய்’ என்ற தீநிரல் அவற்றில் புகுந்திருந்தது. அவற்றின் உரிமையாளர்கள் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள்

சர்வரைத் தொடுவதற்கு முன், சர்வர் நிறுவனத்தின் கணக்கு, டொமைன் வாங்கிய கணக்கு, இவ்விரண்டுக்கும் கொடுத்திருக்கும் மின்னஞ்சல் ஆகிய மூன்றுக்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். சர்வருக்குள் எத்தனை பூட்டுப் போட்டாலும், இந்த மூன்றில் ஒன்றைக் கைப்பற்றியவரால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அழிக்கவோ தன் பெயருக்கு மாற்றவோ முடியும். இருபடிச் சரிபார்ப்பின்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்த நாளில் அந்தக் காகிதம்தான் உங்களை உள்ளே அனுமதிக்கும்.

பிறகு சர்வருக்குள் சென்று, மென்பொருள்கள் அனைத்தையும் முதலில் அப்டேட் செய்துவிட்டு, அன்றாட வேலைக்கென ரூட் அல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘சூடோ’ உரிமை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ரூட் அதிகாரத்தில் கட்டளையிடும் உரிமை கொடுங்கள். அடுத்ததாக, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சுக்குரிய சாவி. உங்கள் கணினியில் உருவாகும் சாவி இணையில் ஒன்று தனிச்சாவி, மற்றது பொதுச்சாவி. பொதுச்சாவியை சர்வரில் வைக்க வேண்டும். தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு எங்கும் போகக் கூடாது, அதற்கும் ஒரு கடவுத்தொடர் இருக்க வேண்டும். சாவியால் உள்நுழைய முடிகிறது என்று உறுதியானபின், கடவுச்சொல்லால் உள்நுழையும் வழியையும் ரூட் நேரடியாக நுழையும் வழியையும் அடைத்துவிடுங்கள். பதிவேட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஊகங்கள் அனைத்தும் அத்துடன் பயனற்றுப் போகும்.

இந்த இடத்தில் பலரும் தங்களையே வெளியே பூட்டிக்கொள்கிறார்கள். அமைப்பை மாற்றும்போது, ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் சாளரத்தை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாவது சாளரத்தில் புதிதாக உள்நுழைந்து பாருங்கள். அது வேலை செய்தபிறகே முதலாவதை மூடுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. உபுண்டுவின் கிளவுட் பதிப்புகளில் எஸ்எஸ்எச்சின் முதன்மை அமைப்புக் கோப்பைத் தவிர, ‘கிளவுட்-இனிட்’ என்ற பெயருடன் முடியும் இன்னொரு கோப்பு துணை அடைவில் இருக்கக்கூடும். அதில் கடவுச்சொல் நுழைவு அனுமதிக்கப்பட்டிருந்தால், முதன்மைக் கோப்பில் நீங்கள் தடுத்திருந்தாலும் அந்தத் தடை செல்லாது. ஆகவே கோப்பைத் திருத்தியதோடு திருப்தி அடையாமல், சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து நுழைய முயன்று பாருங்கள். கடவுச்சொல் கேட்காமலேயே அனுமதி மறுக்கப்பட்டால்தான் மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

அடுத்து, வெளியிலிருந்து எந்த இணைப்பு உள்ளே வரலாம் என்று வடிகட்டும் ஃபயர்வால். உபுண்டுவில் ‘யூஎஃப்டபிள்யூ’ என்ற எளிய கருவி இருக்கிறது. சாதாரண இணையத்தளத்துக்கு எஸ்எஸ்எச்சுக்கான 22, எச்டிடிபிக்கான 80, எச்டிடிபிஎஸ்சுக்கான 443 ஆகிய மூன்று போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட இணைப்பு வாயில்கள், போதும். மற்ற அனைத்தும் மூடியிருக்கட்டும். ஃபயர்வாலை இயக்குவதற்கு முன்பே 22க்கு அனுமதி கொடுத்துவிட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் 3306, ரெடிஸின் 6379 போன்ற டேட்டாபேஸ் போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்துவைக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இருக்காது. 2017 தொடக்கத்தில், கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் துடைத்தழிக்கப்பட்டு, பிணைப்பணம் கேட்கும் குறிப்பு மட்டும் உள்ளே விடப்பட்டது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் என்ற கருவியைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிச் செல்லும், ஃபயர்வால் மூடியிருப்பதாகக் காட்டினாலும் வெளியிலிருந்து அவை திறந்தே இருக்கும்.

அப்டேட் என்னும் தொடர்கடமை

2014 அக்டோபர் 15 அன்று, வேர்ட்பிரஸைப் போன்ற தள மென்பொருளான ட்ரூபல் 7இல் இருந்த மோசமான ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு வாரங்களுக்குப் பின் ட்ரூபலின் பாதுகாப்புக் குழு ஓர் அறிவிப்பை விடுத்தது: திருத்தம் வெளியான 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத ஒவ்வொரு தளமும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் அந்தத் திருத்தம் வெளியான நேரம் இரவு. பலர் தூங்கி எழுவதற்குள் அந்த 7 மணி நேரம் கடந்துவிட்டது. திருத்தம் வெளியாகும்போது ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே உலகுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதால், அப்டேட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் தாக்குபவருக்குச் சாதகம். 2017 மே 12 அன்று பரவிய, பிணைப்பணம் கேட்கும் தீநிரலான வான்னாகிரை பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் சிக்கின.

தூங்கும் நேரத்திலும் இந்த வேலை நடக்க வேண்டுமென்றால் தானியங்கி அப்டேட் வேண்டும். உபுண்டுவில் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற நிரல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும். அது இயக்கத்தில் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குரிய திருத்தங்கள் சர்வரை மறுபடி தொடங்கினால்தான் செயலுக்கு வரும், இயல்பான அமைப்பில் அந்த நிரல் தானாக மறுதொடக்கம் செய்வதில்லை. உங்கள் தளத்துக்கு யாரும் வராத அதிகாலை நேரம் ஒன்றைத் தானியங்கி மறுதொடக்கத்துக்குக் குறித்துவைப்பது நல்லது. தளம் இரண்டு நிமிடம் திறக்காமல் இருப்பது பெரிய இழப்பில்லை.

இந்த ஏற்பாடு, உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து நிறுவியவற்றை மட்டுமே கவனிக்கும். நீங்கள் தனியாகப் பதிவிறக்கி நிறுவிய மென்பொருள், டாக்கர் படிமங்கள், வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்கள் ஆகியவை அதன் கண்ணுக்குத் தெரியாதவை. வேர்ட்பிரஸ் தன் சிறு திருத்தங்களை 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தானாகவே போட்டுக்கொள்கிறது. பிளகின்களுக்கும் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்களுக்கும் தானியங்கி அப்டேட்டை நிர்வாகப் பக்கத்தில் நீங்கள்தான் இயக்க வேண்டும். பயன்படுத்தாத பிளகினை முடக்கி வைத்தால் போதாது, நீக்கிவிடுங்கள். முடக்கிய பிளகினின் கோப்புகள் சர்வரில்தான் இருக்கும், அவற்றில் உள்ள ஓட்டையும் உடனிருக்கும். விலைகொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ ஒன்றை யாரோ இலவசமாகத் தருகிறார் என்றால், உள்ளே பின்கதவு எனப்படும் ரகசிய நுழைவழியை வைத்துத் தருவது அந்த வட்டாரத்தில் வழக்கமான ஒன்று.

இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகி, ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் பெறும். 20.04 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது, 24.04க்கு 2029 வரை உண்டு. சென்டோஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. உங்கள் பதிப்பின் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே புதிய சர்வருக்கு மாறும் வேலையைத் தொடங்குங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிக்கல் வரும்போது இணையத்தில் தேடியோ சாட்பாட்டிடம் கேட்டோ கிடைக்கும் கட்டளைகளை அப்படியே ஒட்டும் பழக்கம், அப்டேட் போடாமல் விடுவதைப் போலவே ஆபத்தானது. குறிப்பாக, கோப்புகளுக்கு 777 அனுமதி கொடுக்கச் சொல்லும் ஆலோசனை, ஃபயர்வாலை நிறுத்தச் சொல்லும் ஆலோசனை, முன்பின் தெரியாத முகவரியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ரூட் உரிமையில் நேரடியாக ஓட்டச் சொல்லும் ஆலோசனை ஆகிய மூன்றையும் கண்டால் நின்றுவிடுங்கள். 777 என்பது சர்வரில் உள்ள எந்தப் பயனரும் எந்த நிரலும் அந்தக் கோப்பை மாற்றலாம் என்ற அனுமதி. பிழைச்செய்தி மறைந்துபோவதால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும்.

காப்பு நகல்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்துபோனது. சர்வரும் அதன் நகலும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் பலர் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். சர்வரின் அந்நேர நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற, சர்வர் நிறுவனம் தரும் வசதி உதவியானதுதான், ஆனால் அது ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம். ஒரு நகலாவது வேறொரு நிறுவனத்தில், வேறொரு கணக்கின்கீழ் இருக்க வேண்டும். அந்த நகலை அழிக்கும் உரிமை சர்வரிடம் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். சர்வரைக் கைப்பற்றியவர் முதலில் தேடுவது காப்பு நகல்களைத்தான். வேர்ட்பிரஸைப் பொறுத்தவரை டேட்டாபேஸ், ‘டபிள்யூபி-கன்டென்ட்’ அடைவு ஆகிய இரண்டும் நகலில் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் இல்லாத நகலில் படங்கள் இருக்கும், ஒரு வரி எழுத்துகூட இருக்காது.

நகல் எடுப்பதைக் காட்டிலும் அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதையே நான் வலியுறுத்துவேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டபோது, அவர்கள் வைத்திருந்த பல காப்பு முறைகளில் பெரும்பாலானவை வேலை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக சில மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்றால் தப்பினார்கள். தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இது நடந்தது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் தற்காலிக சர்வர் ஒன்றை எடுத்து, உங்கள் நகலிலிருந்து தளத்தை அதில் உயிர்ப்பித்துப் பாருங்கள். தளம் திறந்தால் அந்தத் தற்காலிக சர்வரை அழித்துவிடலாம்; செலவு சில ரூபாய்தான்.

பிறருடைய தகவல்

சந்தாதாரரின் முகவரி, உறுப்பினரின் கைப்பேசி எண், படிவத்தோடு இணைத்த ஆதார் நகல் என்று சர்வரில் சேரும் ஒவ்வொன்றும் இன்னொருவர் நம்பிக் கொடுத்தது. தேவையில்லாததைக் கேட்காமலிருப்பதும், தேவை முடிந்ததும் அழித்துவிடுவதும்தான் தொழில்நுட்பம் அறியாதவரின் கையில் உள்ள ஆகச் சிறந்த பாதுகாப்பு; சர்வரில் இல்லாத தகவலை எவராலும் திருட முடியாது. ஆதார் நகலை இணையப் படிவம் வழியே வாங்காதீர்கள். பணப் பரிமாற்றத்தை உரிமம் பெற்ற கட்டணச் சேவைகளிடம் விட்டுவிடுங்கள். அட்டை எண் உங்கள் சர்வரைத் தொடவே கூடாது.

சட்டமும் இதில் உண்டு. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிவைத் தடுக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது. இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் அமைப்புக்கு எது எவ்வளவு பொருந்தும் என்பதைச் சட்டம் அறிந்தவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆட்கள் மாறும்போது கவனம் தேவை. சங்கத்தின் பழைய செயலாளர் விலகினால் அவருடைய சாவியையும் நிர்வாகிக் கணக்கையும் அன்றே நீக்க வேண்டும். இதில் அவமதிப்பு ஏதுமில்லை, அவருக்கும் அது பாதுகாப்பே. தெரிந்த தம்பி ஒருவரை உதவிக்கு அழைக்கும்போதும் ரூட் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். அதே நேரத்தில், எல்லாம் ஒரே ஒருவரின் கைப்பேசியிலும் நினைவிலும் மட்டும் இருப்பதும் ஆபத்துதான். அவர் நோயுற்றால் டொமைனைப் புதுப்பிக்கக்கூட ஆளிருக்காது.

கைப்பற்றப்பட்டுவிட்டால்

சர்வர் நிறுவனத்திடமிருந்து வரும் புகார் மடல், பிரவுசரில் தோன்றும் சிவப்பு எச்சரிக்கை, காரணமின்றி எப்போதும் உச்சத்தில் இருக்கும் சிபியூ பயன்பாடு, நீங்கள் உருவாக்காத நிர்வாகிக் கணக்கு ஆகியவை வழக்கமான அறிகுறிகள். புகார் மடல் வரும் மின்னஞ்சலை யாரேனும் ஒருவர் அன்றாடம் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் நிறுவனமே சர்வரை நிறுத்திவிடும்.

அந்நேரத்தில் சந்தேகத்துக்குரிய கோப்பை மட்டும் அழித்துவிட்டுத் தொடர்வது பெரும் பிழை. நிர்வாகி உரிமை பெற்றவர் எங்கெங்கே பின்கதவு வைத்தார் என்பதைக் கண்டறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம். முதலில் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துச் சான்றாக வைத்துக்கொண்டு, சர்வரை இணையத்திலிருந்து துண்டியுங்கள். புதிய சர்வர் ஒன்றில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, ஊடுருவலுக்கு முந்தைய நகலிலிருந்து உள்ளடக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். கடவுச்சொற்கள், சாவிகள் அனைத்தையும் வேறொரு தூய்மையான கணினியிலிருந்து மாற்றுங்கள். யாருடைய தகவல் வெளியே போயிருக்கலாமோ அவர்களுக்குத் தாமதிக்காமல், மழுப்பாமல் தெரிவியுங்கள். அவர்கள் தங்கள் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளவும் வங்கிக் கணக்கைக் கவனிக்கவும் அதுவே வாய்ப்பு. எவரேனும் பணம் இழந்திருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை இவைதாம்: அப்டேட்டுகள் ஓடினவா, மறுதொடக்கம் நிலுவையில் உள்ளதா, நேற்றைய நகல் வெளியே போய்ச் சேர்ந்ததா, அதன் அளவு வழக்கம்போல் உள்ளதா, பயனர் பட்டியலில் அறியாத பெயர் உள்ளதா, டிஸ்கில் இடம் மீதமிருக்கிறதா. எச்டிடிபிஎஸ்சுக்காக இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் பயன்படுத்தினால், அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மணி நேரம் தொடர்ந்து சில மாதங்கள் கிடைக்கவில்லையென்றால் சர்வரை மூடிவிடுவதே முறை. கவனிப்பாரற்ற சர்வர் ஓடிக்கொண்டிருப்பதைவிடத் தளம் இல்லாமல் போவது எல்லோருக்கும் நல்லது. மூடும்போது உள்ளடக்கத்தைப் பதிவிறக்கி, தளத்தின் பக்கங்களை நிலையான பக்கங்களாக மாற்றி இலவசச் சேவை ஒன்றில் வையுங்கள். உறுப்பினர் தகவல்களை அழியுங்கள். வெளியே வைத்த காப்பு நகல்களில் உள்ளவற்றையும் சேர்த்து அழியுங்கள். சர்வரை நீக்குவதற்கு முன்பே, டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் அந்த ஐபி முகவரியைக் காட்டும் பதிவுகளை, துணை டொமைன்களையும் தேடிப்பிடித்து, நீக்கிவிடுங்கள். நீங்கள் விட்டுச்செல்லும் ஐபி முகவரி வேறொரு வாடிக்கையாளருக்குப் போகும்; டிஎன்எஸ் பதிவு அப்படியே இருந்தால், அவர் வைக்கும் பக்கம் எதுவானாலும் உங்கள் சங்கத்தின் பெயரில்தான் திறக்கும்.